பிழையின்மை காரணமாக நிராகரிக்கப்பட்ட கூடை

மோகனசுந்தரம் கோணலைச் சகிக்காத மனிதர். கோயம்புத்தூரில் பம்புசெட் கம்பெனியிலும் சரி, பிறகு கடல் கடந்து டொரொண்டோவில் தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையிலும் சரி, அவருக்கு ஒரே உத்தியோகம்தான். தயாராகி வரும் சாமான்களில் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்து, சிவப்புச் சீட்டு ஒட்டி, மறுபடி உருக்குவதற்கு அனுப்பவேண்டும். இதற்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். சம்பளம் கொடுக்காத இடங்களிலும் அவர் இந்தச் சேவையைச் செய்துவந்தார். சிநேகிதர் வீட்டுச் சுவரில் மாட்டிய படம், மனைவி சுட்ட தோசை, யாரோ தங்கள் கூடத்தில் வைத்துக் கும்பிட்ட பிள்ளையாரின் பீடம், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. சட்டைப் பையில் ஓர் எஃகு ஸ்கேல் எப்போதும் தயாராக இருக்கும்.

மனைவி வேதவல்லி கணக்கில் பி.எஸ்ஸி. டொரொண்டோவின் டான் மில்ஸ் பகுதியில் பதினோராவது மாடியில் குடியிருப்பு. ஜன்னல் வழியே பார்த்தால் நெடுஞ்சாலை. இந்தப் பக்கம் திரும்பினால் தோசைக்குக் குற்றப்பத்திரிகை வாசிக்கும் கணவர். ஆகவே அவள் பிளாஸ்டிக் வயர் கூடை பின்னினாள். ஊரிலிருந்து வரும்போதே அவள் பெட்டியில் பாதி புடவை, பாதி வயர் கட்டு. அவள் பின்னினால் முடிச்சுகள் பட்டாளத்துச் சிப்பாய்கள் மாதிரி வரிசை பிசகாமல் நிற்கும். அந்த வீட்டில் மோகனசுந்தரம் குறை சொல்லாத ஒரே பொருள் அந்தக் கூடைதான். பாராட்டியதும் இல்லை. குறை சொல்லாததே பாராட்டு என்பது அவருடைய கொள்கை.

எழுபத்தைந்தாம் வருஷம் அது. சர்க்கார் அந்த வருஷம்தான் வெயிலையும் குளிரையும் ஃபாரன்ஹீட்டிலிருந்து சென்டிகிரேடுக்கு மாற்றியிருந்தது. குளிர் மட்டும் மாறவில்லை. அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கீழ் மாடியில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கணக்காளர் அம்பலவாணர் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணை, ஸ்ரௌவ்வில் பக்கம் பெரிய பண்ணை வீடொண்டிலை கைவினைச் சந்தையாம். என்ரை ஒஃபீஸிலை எல்லாரும் போகினம். நான் கார் எடுக்கிறன், வெளிக்கிடுங்கோ."

"எதுக்குப் போறாங்க?"

"எல்லாரும் போகினம் எண்டுதான்."

இதைவிட வலுவான காரணம் மோகனசுந்தரத்துக்கும் தோன்றவில்லை. வேதவல்லி புளிசாதம் கிண்டி ஒரு கூடையில் எடுத்துக்கொண்டாள்.

பண்ணை வாசலில் பெரிய பலகை: 'இங்கு விற்கப்படும் எதுவும் இயந்திரத்தால் செய்யப்பட்டதல்ல.' பலகைக்குப் பின்னால் புல்வெளி முழுக்க நூற்றுக்கணக்கான கார்கள். பண்ணை வீடு என்ற அந்த மாளிகைக்குச் சொந்தக்காரி திருமதி விட்டகர். அவருடைய மாமனார் காலத்தில் ராட்சத இயந்திரங்களை வைத்து பிஸ்கட் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கட்டியது மாளிகை. அதே மாளிகையில் இயந்திரங்களின் கொடுமையைக் கண்டித்து வருஷத்துக்கு மூன்று பருவச் சந்தை நடத்திவந்தார் அந்த அம்மாள். கரடுமுரடான சணல் துணியில் அங்கி போட்டிருந்தார். பாரிஸிலிருந்து வரவழைத்த சணலாம்.

உள்ளே போனால் மேப்பிள் மரங்களெல்லாம் சிவந்து நிற்க, அவற்றின் கீழே கடைகள். உலர்ந்த ஆப்பிளில் செய்த பொம்மை முகங்கள். பூந்தொட்டியைத் தொங்கவிட முடிச்சுப் போட்ட கயிறுகள். தேன்மெழுகு வாசனை. ஒரு கடையில் தாடிக்காரர் ஒருவர் பானைகளை அடுக்கி வைத்திருந்தார்.

"உது என்ன, பானைதானோ?" என்று அம்பலவாணர் மெதுவாகக் கேட்டார். "இல்லாட்டிக் காயமுன்னம் ஆரும் மேலை குந்தியிருந்திட்டினமோ?"

மோகனசுந்தரத்தால் பொறுக்க முடியவில்லை. கை தானாக ஸ்கேலை எடுத்துவிட்டது. ஒரு பானையைத் தூக்கினார். தட்டினார். கண்ணுக்கு நேரே பிடித்துச் சுற்றினார்.

"ஐயா, இது வட்டமே இல்லை. இந்தப் பக்கம் தடித்திருக்கிறது. வாய் சாய்ந்திருக்கிறது. அடி ஆடுகிறது. கைப்பிடிக்குக் கீழே விரிசல். தண்ணீர் நிற்காது."

தாடிக்காரருக்குக் கண்கள் கலங்கிவிட்டன. மோகனசுந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "நன்றி! எட்டு வருஷம் வக்கீலாக இருந்தேன். ஒருநாள் களிமண் என்னைக் கூப்பிட்டது. அதன் பிறகு என் பானையை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டவர் நீங்கள்தான்."

"களிமண் இவரைக் கூப்பிட்டதாம்," என்றார் அம்பலவாணர். "ராங் நம்பர் போலை."

பக்கத்தில் நின்று இதைக் கேட்ட ஒருவர் முன்னால் வந்தார். கழுத்தில் டை, கோட்டில் பித்தளைச் சின்னம். கைவினைப் பொருள் மெய்த்தன்மை வாரியத்தின் துணை இணை இயக்குநர் திரு பெல்லமி.

"போன வருஷம் இந்தச் சந்தைக்குள் தொழிற்சாலைச் சாமான்கள் மாறுவேடத்தில் நுழைந்துவிட்டன," என்றார் அவர், வருத்தத்துடன். "வாரியம் தீவிரமாக ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தது. மனிதக் கை தவறும். தவறாத கை மனிதக் கை அல்ல. ஆகவே பிழை இல்லாத பொருள் கைவினைப் பொருள் அல்ல. பிழையைக் கண்டு சான்றளிக்கத் தகுதியான நிபுணர் ஒருவரை ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் ஒரே நிமிஷத்தில் ஐந்து பிழை கண்டீர்கள்."

"ஆறு," என்றார் மோகனசுந்தரம். "மூடியும் பொருந்தவில்லை."

அந்த இடத்திலேயே அவர் நெஞ்சில் நீல ரிப்பன் குத்தப்பட்டது. மெய்த்தன்மை நடுவர். சம்பளம் கிடையாது, கௌரவப் பதவி. ஊரில் ஒரு தாசில்தார்கூட அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே ஒரு துணை இணை இயக்குநரே ரிப்பன் குத்துகிறார். வாழ்நாள் முழுக்கத் தான் செய்துவந்த காரியத்தைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறார்கள் என்பது அவருக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது ரிப்பன் பழகிவிட்டது.

மத்தியானம் மரத்தடியில் புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். போகிற வருகிற பெண்களெல்லாம் கூடையை நின்று பார்த்தார்கள். கடைசியில் திருமதி விட்டகரே வந்து புல்லில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சளும் பச்சையுமாக இருந்த அந்தக் கூடையைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினார்.

"இது உங்கள் கையால் செய்ததா? எவ்வளவு அழகு! கிறிஸ்துமஸ் சந்தையில் உங்களுக்கு ஒரு கடை தருகிறேன். நீங்கள் கட்டாயம் வரவேண்டும்."

வேதவல்லி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மோகனசுந்தரம் விமானம் ஏறிய நாளிலிருந்து பார்த்ததில்லை. வீடு போய்ச் சேரும்வரை காரில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். எந்த நிறத்துக்கு எந்த நிறம் சேரும், சிவன் கண் முடிச்சுப் போட்டால் எடுப்பாக இருக்குமா, கைப்பிடிக்கு என்ன செய்வது என்று.

நவம்பரில் வாரியத்தின் பரிசோதனை. மாளிகையின் பழைய குதிரை லாயத்தில் நீளமான மேஜை. நடுவில் பெல்லமி, பக்கத்தில் ரிப்பனுடன் மோகனசுந்தரம். வேதவல்லி ஆறு கூடைகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இது பிளாஸ்டிக்," என்றார் பெல்லமி. "பாரம்பரியமான பொருள்தான் அனுமதிக்கப்படும்."

"இதுதாங்க எங்க பாரம்பரியம்."

"எத்தனை தலைமுறை?"

"மூணு. எங்கம்மா, நான், எங்கக்கா பொண்ணு."

பெல்லமி விதிகளைப் புரட்டினார். மூன்று தலைமுறை இருந்தால் அது பாரம்பரியம். பிளாஸ்டிக் தேறிவிட்டது. வேதவல்லி கணவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனி நடுவர் பிழைகளை எடுத்துச் சொல்வார்," என்றார் பெல்லமி.

நடுவர் முதல் கூடையை எடுத்தார். ஸ்கேலை வைத்தார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டாவதை எடுத்தார். லாயத்துக்குள் அவ்வளவு குளிரிலும் அவருக்கு வியர்த்தது. ஆறு கூடைகளும் முடிந்தன.

"பிழை... ஒன்றும் காணோம்," என்றார்.

"மிகவும் வருந்துகிறேன், அம்மா," என்று பெல்லமி எழுந்து நின்றே சொன்னார். அவர் மரியாதை தெரிந்த மனிதர். "பிழையின்மை காரணமாக நிராகரிக்கப்படுகிறது."

"நான் என் கையாலதாங்க பின்னினேன். இவரே பாத்திருக்காரே!"

"பார்த்தது சாட்சியம். பிழைதான் ஆதாரம். வாரியம் ஆதாரத்தை மட்டுமே ஏற்கும்."

"அப்படின்னா இவரோட ஃபாக்டரியில கோணலாப் போற குழாயெல்லாம் கையால செஞ்சதுன்னு ஆயிடுமே!"

பெல்லமி யோசித்தார். "சுவாரசியமான கேள்வி. துணைக்குழுவுக்கு அனுப்புகிறேன்."

அடுத்த வாரம் மறுபரிசீலனை. அதற்கு முன்னால் வீட்டில் ஒரு சம்பாஷணை நடந்தது. கூடையை அவர் மடியில் வைத்து, வேதவல்லி எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாருங்க. ஒரே ஒரு தப்பு சொல்லுங்க."

"இல்லையே வேதா."

"என் சாம்பார்ல தப்பு. நான் துணி மடிச்சா தப்பு. போன்ல பேசினா சத்தம் தப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க என்கிட்ட தப்பு கண்டுபிடிக்காத நாள் உண்டாங்க? இன்னைக்கு நானே வேணும்னு கேக்கறேன், ஒண்ணுகூடக் கெடைக்கலையா?"

மோகனசுந்தரம் கூடையை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். இந்தக் கூடை நன்றாக இருக்கிறது என்று அவர் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் அந்த நேரத்தில் அது பாராட்டாக இருக்காது, தீர்ப்பாக இருக்கும். மூடிக்கொண்டார்.

வேதவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு புதிதாக ஒரு கூடை பின்னினாள். வேண்டுமென்றே முடிச்சுகளைத் தப்பாகப் போட்டாள். பெல்லமி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பிறகு முகம் வாடினார். தவறுகள் ஒவ்வொரு நான்காவது வரிசையிலும், ஒரே இடத்தில், ஒரே அளவில் இருந்தன. கணக்குப் படித்த கை. தப்பைக்கூட ஒழுங்காகத்தான் செய்யும்.

"இது இன்னும் மோசம்," என்றார் பெல்லமி. "பழுதான இயந்திரம் செய்த மாதிரி இருக்கிறது. ஆனாலும் உங்கள் பாரம்பரியத்தின் மேல் வாரியத்துக்கு மிகுந்த அக்கறை உண்டு. இன்னும் ஒரு வாய்ப்புத் தருகிறோம்."

வீடு திரும்பிய வேதவல்லி வயர் கட்டைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டுப் படுத்துவிட்டாள். இரண்டு நாள் அந்த மூலைப் பக்கமே அவள் திரும்பவில்லை. மோகனசுந்தரத்துக்கு மனசு கேட்கவில்லை. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வயரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கூடையைச் சரியாகப் பின்னி அவள் முன்னால் வைத்து, நீ பின்னுவது எத்தனை கஷ்டமான வேலை என்று தெரிந்துகொண்டேன் என்று சொல்வதாக உத்தேசம். அளந்து அளந்து, வியர்த்து வியர்த்துப் பின்னினார். முடிந்தபோது அது ஒரு பக்கம் தொப்பை தள்ளி, மறுபக்கம் ஒட்டிப்போய், வாய் கோணி, பார்ப்பதற்கு மப்ளர் கட்டின பூசணிக்காய் மாதிரி இருந்தது.

வேதவல்லி வந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்பலவாணர் உள்ளே வந்தார்.

"அக்கா, உந்தக் கூடையை வாரியத்துக்குக் குடுங்கோ."

"இவர் பின்னினதுங்க. இவர்தான் நடுவராச்சே."

"உங்கடை பேரிலை குடுங்கோ. ஆர் கேக்கப்போயினம்?"

யாரும் கேட்கவில்லை. லாயத்தில் மேஜைமேல் அந்தக் கூடையை வைத்ததும் பெல்லமி தொப்பியைக் கழற்றினார். பிழைகளை வாசிக்கச் சொன்னபோது மோகனசுந்தரம் தன் சொந்தப் பிழைகளை ஒவ்வொன்றாக, சபையறிய அறிவித்தார். திருமதி விட்டகர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். கிறிஸ்துமஸ் சந்தையில் கூடைக்கு முதல் பரிசு. 'வேதவல்லி மோகனசுந்தரம், தமிழ்ப் பாரம்பரியக் கலைஞர்' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். தன் பெயரைத் தாங்கி நின்ற அந்தப் பூசணிக்காயை வேதவல்லி தூரத்திலிருந்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு காரிலேயே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஆர்டர்கள் குவிந்தன. மோகனசுந்தரம் வேலை முடிந்து வந்து சாயங்காலமெல்லாம் பின்னினார். ஊர் வயர் தீர்ந்துபோய், ஹார்ட்வேர் கடையில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கயிற்றை வாங்கிப் பின்னினார். ஆனால் கை என்பது துரோகம் செய்கிற வஸ்து. பின்னப் பின்ன அது பழகிக்கொண்டது. ஜனவரி முடிவதற்குள் அவருடைய கூடையும் நேராகிவிட்டது. பெல்லமி அதைப் பார்த்து, "கலைஞர் திறமையை இழந்துவருகிறார்" என்று குறிப்பு எழுதினார். பிறகு அம்பலவாணர் பின்ன உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துப் பொறுமை, அவருக்கு மூன்றாவது கூடையிலேயே கை நேராகிவிட்டது.

திருமதி விட்டகர்தான் காப்பாற்றினார். வேதவல்லியிடம் கற்றுக்கொள்ள வேண்டுமென்று அவரே டான் மில்ஸுக்கு வந்தார். வேதவல்லி உள்ளன்போடு, முறையாக, முதல் முடிச்சிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு ஒருபோதும் நேராக வரவில்லை. நாலு வாரம் கழித்தும் வரவில்லை. வாரியம் அவரைத் தமிழ்க் கூடைக் கலையின் மூத்த வித்தகர் என்று அறிவித்தது.

பத்திரிகையில் அவர் படம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் டொரொண்டோத் தமிழர்களுக்கு நம்மிடம் இப்படி ஒரு கலை இருப்பது தெரிந்தது. பிக்கரிங்கில் ஒரு டாக்டர் வீட்டில் வாராந்தர வகுப்பு தொடங்கியது. ஊரில் கூடையைத் தொட்டே பார்த்திராத பெண்கள் கோணலாகப் பின்னினார்கள். கோணல் கூடை இல்லாமல் ஒரு விருந்துக்கும் போகமுடியாது என்றாயிற்று. தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர், நேர்கோடு என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, தமிழன் வளைவுக்காரன் என்று அரைமணி நேரம் பேசினார். கைதட்டல் அடங்கவில்லை.

ஏப்ரலில், மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகு காய்ச்சும் பருவத்துச் சந்தை. சங்கம் ஒரு பஸ் பிடித்தது. நம் கலாசாரத்தை நேரில் பார்க்க எல்லோரும் ஸ்ரௌவ்வில்லுக்குக் கிளம்பினார்கள். அவரவர் பின்னிய கூடையை மதிப்பீட்டுக்குக் கொண்டுவரும்படி அறிவிப்பு. வேதவல்லியும் ஒன்று கொண்டுவந்தாள். அந்தக் குளிர்காலத்தில் ஊருக்கு எழுதி வரவழைத்த வயரில், யாருக்காகவும் இல்லாமல், தனக்காகப் பின்னியது.

லாயத்தில் திருமதி விட்டகர் பட்டுப்புடவை கட்டி மேடையில் உட்கார்ந்திருந்தார். புடவையும் கோணல்தான். ஒவ்வொருவராகப் போய்க் கூடையைக் காட்டினார்கள். வேதவல்லியின் முறை வந்தது. அந்த அம்மாள் கூடையைப் பார்த்தார். வேதவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் உண்மையான துக்கம்.

"வேதா, கனடாவுக்கு வந்து இப்படி ஆகிவிட்டதே! உன் முன்னோர்களின் கை உன்னைவிட்டுப் போய்விட்டது. கவலைப்படாதே. நான் கற்றுத்தருகிறேன்."

சபையில் "ச்சு, ச்சு" என்று சத்தம் கேட்டது. பெல்லமி நடுவரைப் பார்த்தார். "தங்கள் கருத்து?"

மோகனசுந்தரம் எழுந்து வந்து கூடையை வாங்கினார். ஸ்கேலை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. இத்தனை சுத்தமான வேலையை எந்தத் தொழிற்சாலையிலும் அவர் பார்த்ததில்லை. இப்போது சொல்லிவிடலாம். ஒரே வார்த்தை. வேதவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சபையும் பார்த்தது. பெல்லமியும் பார்த்தார். நெஞ்சில் நீல ரிப்பன் லேசாக ஆடிற்று.

"ஆர்வம் இருக்கிறது," என்றார் மோகனசுந்தரம். "பயிற்சி போதாது."

'தொடக்க நிலை' என்று அச்சடித்த சான்றிதழை வேதவல்லி வாங்கிக்கொண்டாள். நன்றிகூடச் சொன்னாள். எல்லோரும் அவளை உற்சாகப்படுத்துவதற்காகப் பலமாகக் கைதட்டினார்கள். மோகனசுந்தரமும் தட்டினார். தட்டாமல் இருந்தவர் அம்பலவாணர் ஒருவர்தான். அவர் கையில் 'உயர்நிலை' சான்றிதழ் இருந்தது. இந்தத் தடவை அவர் கூடையைப் பின்னியது அவருடைய இடது கை.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லோர் மடியிலும் கோணல் கூடை, கூடைக்குள் மேப்பிள் பாகுப் புட்டி. பண்ணைப் பாதை திரும்புகிற இடத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. அவ்வளவுதான். கூடைகளின் ஓட்டைகள் வழியாகப் புட்டிகள் பொலபொலவென்று விழுந்து, முன்னும் பின்னுமாக உருண்டன. இரண்டு உடைந்து பஸ் தரையெல்லாம் பிசுபிசு. ஒரே கூச்சல். வேதவல்லி கீழே குனிந்து உருண்டு வந்த புட்டிகளைப் பொறுக்கித் தன் கூடைக்குள் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் புட்டியைக் கொண்டுவந்து அதிலே போட்டார்கள். கூடை நிறைந்தது. ஒரு முடிச்சுகூட அசையவில்லை.

மோகனசுந்தரம் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "உன் கூடை ரொம்ப நல்லா இருக்கு வேதா."

"சும்மா வாங்க," என்றாள் அவள். "யாராவது கேட்டா உங்க ரிப்பனைப் புடுங்கிருவாங்க."

முன் ஸீட்டிலிருந்து பிக்கரிங் டாக்டரின் மனைவி திரும்பிப் பார்த்தார். மடியில் இருந்த, 'உயர்நிலை' சான்றிதழ் பெற்ற தன் கூடையை ஒரு கையால் பத்திரமாக அணைத்துக்கொண்டு, மறு கையால் தன் புட்டியை வேதவல்லியிடம் நீட்டினார்.

"நல்லவேளைங்க, உங்களுது கலைப்பொருள் இல்லை," என்றார் ஆறுதலாக. "தைரியமா சாமான் வெக்கலாம்."